கடவுச்சீட்டு கேட்காத சட்டம்

ஆஸ்திரேலியாவில் ஏமாற்றப்பட்ட அயல்நாட்டு மாணவர் அந்நாட்டுப் போட்டி, நுகர்வோர் ஆணையத்திடம் முறையிட இயலாது என்று நம்மவர் சிலர் சாதிக்கின்றனர். இதை நாம் மறுக்கிறோம். 2011இல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம், வாங்கிய பொருளையும் விலையையும் பயனையும் கொண்டே நுகர்வோர் யாரென வரையறுக்கிறது; குடியுரிமையைக் கொண்டு அன்று.

நம் வழக்கு வேறு. ஆணையம் புகாரைப் பெற்றுக்கொள்ளும். தனியொருவரின் தகராறைத் தீர்த்துவைக்காது. அதற்கு மாநிலத் தீர்ப்பாயத்தையோ நீதிமன்றத்தையோ நாட வேண்டும். விசா முடிந்து ஊர் திரும்பியவருக்கு இது எளிதா? (அதை நம்பியே ஏமாற்றுபவரும் உண்டு.) கணினி விளையாட்டு விற்கும் வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின்மேல் இதே ஆணையம் வழக்குத் தொடுத்தது, 2016இல் நீதிமன்றம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கடல்கடந்த விற்பனையாளரை எட்டியவர்கள், கடல்கடந்து போன நுகர்வோருக்கும் ஒரு வழி செய்யட்டும்.