ஆய்வுகூடத்தில் இருக்கும் நமது பிள்ளைகள்



பெறுபேறு வந்தால் பாடசாலை மதிலில் பெனர் கட்டுகிறோம். மருத்துவ பீடம், பொறியியல் பீடம் போனவர்களின் படம் மட்டும்தான் அதில் வரும். விஞ்ஞான பீடம் போனவரின் பெயர் கீழே சின்ன எழுத்தில் கிடக்கும். இதைச் செய்வது வேறு யாருமில்லை, ஆசிரியர்களாகிய நாம்தான்.

நம்மிடம் படித்த ஒரு மாணவி சில புள்ளிகளால் மருத்துவ பீடத்தைத் தவறவிட்டார். உயிரியல் விஞ்ஞானம் படித்து, இப்போது நோய்க்கிருமிகள் பற்றிக் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்கிறார். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் கேட்டார்கள்: "இன்னும் படிப்பு முடியல்லயா மகள்? டொக்டரா வந்திருந்தா எவ்வளவு நல்லம்!" பிள்ளை சிரித்துச் சமாளித்தது. அவருடைய உம்மாவின் முகம் வாடியதை நாம் பார்த்தோம்.

2020ஐ நாம் மறந்துவிட்டோமா? அந்த ஏப்ரலில் கொவிட் மரணங்கள் எல்லாம் எரிக்கப்பட வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கினால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்றார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் அடக்கம் செய்யவும் இடமளித்திருந்தது. ஆனாலும் பிறந்து 20 நாளான குழந்தையின் ஜனாஸா கூட எரிக்கப்பட்டது. நாம் அழுதோம், துஆ கேட்டோம், வெள்ளைத் துணி கட்டினோம்.

அந்த நேரத்தில், இது நீரால் பரவும் நோயல்ல என்று பகிரங்கமாகச் சொன்னவர்களில் ஒருவர் பேராசிரியர் மலிக் பீரிஸ். பேராதனையில் மருத்துவம் படித்து, பின்னர் வைரஸ் ஆய்வுக்குப் போனவர். 2003இல் ஹொங்கொங்கில் சார்ஸ் வைரஸை அடையாளம் கண்ட குழுவை வழிநடத்தியவர். அவர் நமது சமூகத்தவர் அல்ல. தெரிந்த உண்மையைச் சொன்னார், அவ்வளவுதான். 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. ஓட்டமாவடி மண் அதற்குச் சாட்சி. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது. எரிந்தவை திரும்பி வராது.

அறிவியல் மட்டும் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. அங்கே அரசியலும் இருந்தது. ஆனால் அந்த மேசையில் ஆதாரத்தோடு பேசத் தெரிந்த நமது பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள்? அப்படிப்பட்டவர்கள் ஒரே நாளில் உருவாவதில்லை. பட்டம், பிறகு கலாநிதிப் பட்டம், அதற்குப் பிறகும் ஒப்பந்த வேலை என்று பத்து வருடங்களுக்கு மேல் போகும். பரிசோதனை பத்துத் தடவை பிழைக்கும். வீட்டுக்குக் காசு அனுப்ப முடியாது.

நம்மில் பலர் பூஸ்டராகப் போட்ட பைசர் தடுப்பூசிக்குப் பின்னால் கத்தலின் கரிக்கோ என்ற பெண் இருக்கிறார். ஹங்கேரியில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகள். மருத்துவர் அல்ல. 1995இல் அவர் வேலை செய்த அமெரிக்கப் பல்கலைக்கழகம் அவரைப் பதவியிறக்கியது. அவர் ஆய்வை விடவில்லை. 2023இல் நோபல் பரிசு வந்தது. இடையில் 28 வருடங்கள். அந்த வருடங்களில் அவரிடமும் யாராவது "இன்னும் முடியல்லயா?" என்று கேட்டிருப்பார்கள்.

மருத்துவர்கள் நமக்கு வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மருந்து எழுதுபவருக்கு முன்னால், அந்த மருந்தைத் தேடியவர் ஒருவர் இருக்கிறார்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பெனரில் விஞ்ஞான பீடப் பிள்ளைகளின் படமும் அதே அளவில் வரட்டும். பள்ளிவாசல் கல்வி நிதியில், வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குவோம். வட்ஸ்அப்பில் ஒரு மருத்துவச் செய்தி வந்தால், போர்வர்ட் பண்ண முன் ஊரில் இருக்கும் அந்தப் பிள்ளையிடம் ஒரு தடவை கேட்போம்.

அடுத்த கல்யாண வீட்டில் அவரைக் கண்டால், "எப்ப முடியும்?" என்று கேட்காமல், "என்ன ஆராய்ச்சி மகள் செய்றீங்க?" என்று கேளுங்கள். அவருடைய உம்மாவுக்கும் கேட்கும்படி கேளுங்கள்.