விலை அறியாத பேனா



பரிசோதனைச் சீட்டை எழுதும் மருத்துவருக்குப் பெரும்பாலும் அதன் கட்டணம் தெரிவதில்லை. நமக்கோ, ஆய்வகத்தில் பணம் கட்டும் இடத்தில்தான் தெரிகிறது. எழுதுபவரும் அறியார், செலுத்துபவரும் அறியார். இப்படியொரு கொடுக்கல் வாங்கலை நம் கடைவீதியில் எவரேனும் ஏற்பாரா?

விற்பனையில் விலையும், கூலி ஒப்பந்தத்தில் கூலியும் முன்னரே அறியப்பட்டிருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படைப் பாடம். மருத்துவமனை வாசலில் மட்டும் அதை ஏன் மறந்துவிடுகிறோம்?

“உயிர் காக்கும் இடத்தில் காசைப் பற்றிப் பேசலாமா?” என்கின்றனர் சிலர். பேசாமல் இருப்பதால் செலவு மறைந்துவிடுவதில்லை. வீட்டு நகை அடகுக்குப் போகிறது. வட்டியை வெறுக்கும் குடும்பமும் வட்டியில் விழுகிறது. இல்லையேல், கட்டணத்துக்கு அஞ்சி அவசியமான பரிசோதனையே கைவிடப்படுகிறது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை இதைச் சோதித்துப் பார்த்தது. 61 ஆய்வகப் பரிசோதனைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மருத்துவரின் கணினித் திரையில் கட்டணம் காட்டப்பட்டது. 2013-இல் வெளியான முடிவின்படி, விலை தெரிந்த பிரிவில் பரிசோதனைகள் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்தன. விலை தெரியாத பிரிவில் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடின. எவரும் எதையும் தடை செய்யவில்லை. விலையைக் காட்டியது மட்டுமே நடந்தது.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மூன்று மருத்துவமனைகளில் இதே முயற்சி நடந்தது. 2017-இல் வெளியான அதன் முடிவில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் தென்படவில்லை. ஆகவே திரையில் எண்ணைக் காட்டினால் மட்டும் போதாது. அதைப் பார்ப்பவரின் உள்ளத்தில் அமானிதம் பற்றிய அச்சமும் வேண்டும். ஆய்வகத்திடம் கமிஷன் பெறுபவருக்கு விலை தெரிந்தும் பயனில்லை. மருத்துவர் கமிஷன் பெறுவதை இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளே தடுத்துள்ளன.

எனவே நாம் கோருவது இரண்டு. மருத்துவமனை நடத்தும் நம் சகோதரர்கள், சீட்டில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் எதிரே கட்டணத்தை அச்சிடட்டும். நோயாளியின் குடும்பத்தார், “டாக்டர், இவற்றுள் இன்றே அவசியமானது எது? இதன் முடிவால் சிகிச்சை மாறுமா?” என்று பணிவுடன் கேட்கட்டும். மருத்துவர் அவசியம் என்று விளக்கிய பரிசோதனையை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம்.

கேட்பது அவமரியாதையன்று. பிறருடைய பணத்தைச் செலவழிக்கச் சொல்பவர் அதன் அளவை அறிந்திருப்பதே நீதி. அந்த நீதியைப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.