சமையற்கட்டில் ஜாதி

மயிலாப்பூரில் கலியாணச் சமையல் செய்யும் பெரியவர் ஒருவரைச் சென்ற வாரம் சந்தித்துப் பேசினோம். திவசச் சமையலில் மிளகாய் ஏன் சேர்ப்பதில்லை என்று கேட்டோம். "முன்னோர் வழக்கம், மிளகுதான் போடுவோம்" என்றார். உண்மைதான். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குகள். 1498-ல் போர்த்துகேசியர் இந்நாட்டுக்குக் கடல்வழி கண்ட பிறகே இவை இங்கு வந்தன. அந்த முன்னோர் இன்றைய சாம்பாரைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். கடல் தாண்டினால் ஜாதி கெடும் என்றவர்கள், கடல் தாண்டி வந்த மிளகாயை வாயில் போட்டுக் கொண்டு, அடுத்த தெருக்காரன் தொட்ட தண்ணீரைத் தீட்டு என்றார்கள்!

அந்தத் தீட்டுக்காகத்தான் சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளைப் பிரித்துச் சோறு போட்டார்கள். 1925-ல் தமிழ்நாடே அதனால் கலங்கிற்று. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் இந்தப் பிரிவினை 1941 வரை இருந்தது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற எழுத்தை நீக்க, 1957-ல் தோழர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை போனார்கள்.

நிற்க, ருசி எதில் இருக்கிறது என்று பெரியவரையே கேட்டோம். புளியின் பச்சை வாடை போக வேண்டும், பருப்பு குழைய வேண்டும், ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்க விட்டால் கெட்டது என்றார். இதெல்லாம் பிறப்பில் வந்ததா என்றோம். பதினைந்து வருஷம் அடுப்படியில் வெந்து கற்றது என்றார். அவரிடம் வேலை பழகும் செங்கற்பட்டுப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பையன்தான் இப்போது ரசம் வைக்கிறானாம். சாப்பிடுகிறவர்கள் இரண்டாந்தரம் கேட்டு வாங்குகிறார்களாம். ஆனால் பந்தியில் பரிமாற அவனை விடுவதில்லை, கலியாண வீட்டார் "பையன் யார்?" என்று கேட்பார்களாம். பெரியவர் இதைச் சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற பையன் சிரிக்கவில்லை.