மாரிக்கு முன் ஓர் ஏணி

முன்பெல்லாம் ஆவணி பிறந்துவிட்டால் எமது ஊர்களில் வீடு வேய்வது பற்றிய பேச்சுத்தான். பனையோலையை வெட்டி, மிதித்து, அடுக்கிப் பாரம் ஏற்றி வைத்திருப்பார்கள். ஒருநாள் விடியற்காலையில் அயலவர்கள் வந்து கூரையில் ஏறுவார்கள். மத்தியானச் சாப்பாடு வீட்டுக்காரருடையது. பொழுது சாயமுன் வேலை முடிந்துவிடும். கழற்றிய பழைய ஓலையும் வீண்போகாது. தோட்டத்தில் தாட்டால் அது பசளை. அந்தக் கூரை ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டுதான் தாங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தபடியால் ஆண்டுதோறும் யாரோ ஒருவர் மேலே ஏறிப் பார்த்தார்.

ஓடும் சீற்றும் வந்தபின் அந்த வழக்கம் போய்விட்டது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று நம்பிவிட்டோம். ஒழுகும்போது கீழே சட்டியை வைப்பதும், மழை விட்டதும் சட்டியையும் ஒழுக்கையும் ஒன்றாக மறந்துவிடுவதுமே இப்போது எமது பராமரிப்பு. பிறரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. எங்கள் வீடுகளிலும் அப்படித்தான் நடந்தது.

கூரை போனால் வீடு என்ன ஆகும் என்பதை எம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. 1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய எங்களிற் பலர், சில கிழமைகளில் திரும்பலாம் என்ற எண்ணத்துடன்தான் கதவைப் பூட்டினோம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது மழையும் கூடவே வந்தது. 2008 கார்த்திகையில் நிஷா புயலின் மழை பொழிந்தபோது வன்னியில் இடம்பெயர்ந்திருந்த குடும்பங்கள் தறப்பாளின் கீழ் இருந்தன. பல ஆண்டுகளின் பின் சொந்தக் காணியை மிதித்தவர்கள் கண்டது என்ன? ஓடும் தீராந்தியும் நிலையும் கதவும் போயிருந்தன. சுவர்கள் மட்டும் நின்றன, அவற்றிலும் ஆலும் அரசும் வேரோடியிருந்தன. ஷெல் விழுந்தது ஒரு பக்கத்துச் சுவரில்தான். மிச்சத்தை இடித்தது, கூரை இல்லாமல் நனைந்த அத்தனை மாரிகளும்.

ஆகவே கூரைப் பராமரிப்பை வசதியுள்ளவர்களின் அலங்கார வேலையாக நாம் கருத முடியாது. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் விதை வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி மாலில் தொங்கவிட்டிருந்தது. நடுகைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஓர் ஓடு விலகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் விழுந்த இடத்தில் நேரே சொட்டவில்லை. சிலாகை வழியே ஊர்ந்துபோய் இரண்டு முழம் தள்ளி, வெங்காயத்தின் நடுவில் இறங்கியது. மணம் வந்த பிறகுதான் பார்த்தார்கள். பாதிக்கு மேல் அழுகிவிட்டது. அந்தப் போகத்துக்கு விதை வாங்கத் தாலிக்கொடி அடைவுக்குப் போனது. ஒரே ஓர் ஓடு! நெல் மூடைக்கும் இதே கதைதான். நன்றாகக் காய்ந்து ஈரப்பதன் 13 வீதத்துக்கு மேற்படாமல் இருந்தால்தான் விதைநெல் முளைதிறன் கெடாமல் இருக்கும். ஒழுகும் அறையில் அது எப்படி நடக்கும்? காணி உறுதியும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் வைத்த பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒருமுறை அவற்றைத் தொலைத்து அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியவர்கள் நாம்.

இதைச் சொல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு. “இது எங்கட காணியே? நாளைக்கு எழும்பிப் போற இடத்துக்கு ஏன் காசைக் கொட்டுவான்?” நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ‘நாளைக்கு’ எத்தனை ஆண்டாக நீண்டது என்பதும் எமக்குத் தெரியும். நலன்புரி முகாமில் பிறந்த பிள்ளை அங்கிருந்தே பள்ளிக்கூடம் முடித்துக் கலியாணமும் கட்டியதை நாம் கண்டிருக்கிறோம். தற்காலிகம் என்று சொல்லிச் சொல்லியே ஈரத்தில் படுத்து இருமலையும் காய்ச்சலையும் வாங்கிக்கொண்டோம். எனவே எமது அபிப்பிராயம் இது: பிறர் காணியில் இருப்பவர் செலவழிக்க வேண்டும், ஆனால் கழற்றிக் கொண்டுபோகக் கூடியதில் செலவழிக்க வேண்டும். தகரத்துக்கு ஆணிக்குப் பதில் றப்பர் வாசருடன் திருகாணி போட்டால், போகும் நாளில் தகரம் கிழியாமல் கழரும். பீலியும் குழாயும் அப்படியே. சீமெந்தைக் கரைத்து ஊற்றிய வேலை மட்டும்தான் அங்கேயே நின்றுவிடும்.

தறப்பாளின் கீழ் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. தறப்பாளை முதலில் கெடுப்பது வெயில். மழை அதற்குப் பிறகுதான். மேலே ஒரு வரிசை கிடுகு போட்டால் அதன் ஆயுள் கூடும், உள்ளே சூடும் குறையும். கம்பு நுனிகளில் சாக்கைச் சுற்றிக் கட்டாவிட்டால் முதற் காற்றிலேயே கிழியும். சரிவு போதாமல் நடுவில் தண்ணீர் தேங்கி வயிறு வைத்தால் கொட்டிலே சாயும். கொட்டிலைச் சுற்றி ஒரு சிறு வாய்க்கால் வெட்ட மண்வெட்டி போதும், பணம் வேண்டியதில்லை.

இனிப் பீலிக்கு வருவோம். எமது பெரியவர்களுக்குப் பீலி புதிதல்ல. நாற்சார் வீட்டின் நாலு கூரைகளும் நடுமுற்றத்தை நோக்கிச் சரியும். தண்ணீரைப் பீலி வழியே வெளியேற்றினார்கள். பனைமரத்தைப் பிளந்து குடைந்து பீலி செய்தார்கள். ஆனால் மீள்குடியேற்றக் காலத்தில் எழுந்த வீடுகளுக்கு நாம் போய்ப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் பீலி இல்லை. தாழ்வாரமும் ஒரு முழத்தோடு நின்றுவிடுகிறது. காசு கூரை மட்டத்தில் முடிந்துபோனபடியால் குறைத்துக்கொண்டது அதைத்தான்.

அதன் விலை என்ன என்று ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு கூரை 500 சதுர அடி நிலத்தை மூடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஓர் அங்குல மழைக்கு ஏறக்குறைய 1,180 லீற்றர் தண்ணீர் அதிலிருந்து இறங்குகிறது. இரண்டு பக்கச் சரிவுள்ள கூரையானால், பக்கத்துக்கு 590 லீற்றர் ஒரே கோட்டில், சுவரிலிருந்து ஓரடிக்குள் விழுகிறது. கார்த்திகையில் ஓர் அங்குலம் எமக்குப் பெரிய மழையே அல்ல. அந்தத் தண்ணீர் மண்ணைக் குழிக்கிறது, தெறித்துச் சுவரின் அடியை நனைக்கிறது. சுவர் உப்பை உறிஞ்சிப் பூச்சை உதிர்க்கிறது. மணற்பாங்கான இடத்தில் அத்திவாரத்தின் விளிம்பே தெரியத் தொடங்குகிறது. மண்கல் வீட்டுக்கு இது இன்னும் கெடுதி. ஈரம் பிடித்த இடத்தில் கறையான் தொடங்கி, நிலையில் ஏறி, கடைசியாகக் கைமரத்துக்குப் போகிறது.

பீலி போடுவதற்குக் கடைப் பீலிதான் வேண்டும் என்பதில்லை. தகரத்தை மடித்தும், மூங்கிலைப் பிளந்து கணு நீக்கியும் செய்யலாம். பத்து அடிக்கு ஓர் அங்குலம் இறக்கம் இருந்தால் தண்ணீர் தேங்காமல் ஓடும். பி.வி.சி. பீலியானால் தாங்கியை இரண்டு அடிக்கு ஒன்றாவது அடிக்க வேண்டும். காசை மிச்சம்பிடிக்கத் தூரமாக அடித்தால் வெயிலில் இளகித் தொங்கும். பீலி போட வழியே இல்லாதவர்கள் தண்ணீர் விழும் கோட்டில் உடைந்த ஓட்டுத் துண்டையும் சல்லியையும் பரப்பினால் தெறிப்பாவது குறையும்.

பீலி போட்டவர்கள் அதை மறந்தால் போடாததைவிடக் கேடு. முருங்கை இலை சிறிது, ஆனால் குழாயின் வாயை அடைப்பதில் அதற்கு நிகரில்லை. அடைத்த பீலி பின்பக்கமாக வழிந்து சுவருக்குள்ளேயே தண்ணீரை விடும். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டை பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். முற்றத்துச் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு மேலே பீலியில் நுளம்பு வளர்க்கிறோம். மாரிக்கு முன் ஒருமுறையும் மாரி நடுவில் ஒருமுறையும் கையால் அள்ளிச் சுத்தம் செய்தாலே போதும். கூரைத் தண்ணீரைச் சேர்ப்பவர்கள் நீண்ட கோடைக்குப் பின் வரும் முதல் மழையை ஓடவிட்டு, பிறகு பிடிக்கட்டும்; பறவை எச்சமும் தூசியும் அதில்தான் வரும். தொட்டிக்கு வலைமூடி கட்டாயம். மரத்துக்குக் கறையான் வராமல் பழைய எஞ்சின் ஒயில் பூசும் வழக்கமுள்ளவர்கள், தாழ்வார மரத்தில் பூசினால் அந்தப் பக்கத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்க வேண்டாம்.

ஓட்டுக்கூரையில் பார்க்க வேண்டியது விலகிய ஓடும், வெடித்த முகட்டுப் பூச்சும்தான். ஓட்டை விலக்குவதில் வன்னியிலும் தென்மராட்சியிலும் குரங்குகள் எலிகளை வென்றுவிட்டன. அவற்றுக்கு எம்மிடம் பதில் இல்லை. ஒழுக்குச் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தேடாமல், அதிலிருந்து முகட்டை நோக்கித் தேடுங்கள். முகட்டோட்டுக்கு அதிக சீமெந்து போட்ட இறுகிய சாந்து நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். அது சீக்கிரம் வெடித்துப் பிரியும். சுண்ணாம்பு கலந்த சாந்தே ஓட்டோடு ஒட்டி நிற்கும்.

தகரத்தில் ஆணியை மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. பக்க மடிப்பு மழைக்காற்றுக்கு எதிராக வாயைத் திறந்து நிற்கக் கூடாது. எமக்கு மழை வாடைக்காற்றோடு வருவதால் தகரத்தை மறுதலையில், காற்று போகும் பக்கத்திலிருந்து அடுக்கத் தொடங்கி வடகிழக்கு நோக்கி வர வேண்டும். கடற்கரையை அண்டியவர்கள் துருப்பிடித்த ஆணித்தலைகளை ஆண்டுதோறும் பார்த்துத் தார் வைக்கவோ மாற்றவோ வேண்டும். 1978 கார்த்திகைச் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பு மக்களுக்கு இன்னொன்றும் தெரியும்: கைமரத்தை வளையோடும், வளையைச் சுவரோடும் கம்பியால் பிணைக்காத கூரையை, எவ்வளவு நல்ல தகரமானாலும், காற்று முழுதாகவே தூக்கிச் செல்லும்.

அஸ்பெஸ்ரஸ் சீற்றைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் தூசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் திட்டவட்டமாகக் கூறியிருக்கிறது. அறுக்கும்போதும், துளைக்கும்போதும், பாசியைக் கம்பித் தூரிகையால் உரஞ்சும்போதும் தூசு கிளம்புகிறது. வேலை செய்தே ஆகவேண்டுமானால் நனைத்துவிட்டுச் செய்யுங்கள், வாயையும் மூக்கையும் மூடுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். உடைந்த துண்டுகளைப் பாதைக் குழிக்குப் போட்டு மிதிப்பதை நாம் பல இடங்களில் காண்கிறோம். அது வேண்டாம்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு முதிய தாய் எம்மைக் கேட்டார்: “எல்லாம் சரி தம்பி, மேல ஏற ஆர் இருக்கினம்?” மகன் இல்லை, மருமகன் வெளிநாட்டில். கூலிக்கு ஆள் பிடித்தால் ஓடு மாற்ற அரைமணி நேரம், சம்பளம் முழுநாளுக்கு. எமது கிராமங்களில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் எத்தனை என்பதைச் சங்கப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். அவர்களுக்கு அறிவுரைக் கட்டுரை எழுதிப் பயனில்லை. பழைய வேய்ச்சல் நாளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஓலை இல்லாவிட்டால் என்ன, ஓட்டுக்கும் அயலவர் ஏறலாம்.

வீடு கட்டித் தருகிறவர்களிடமும் நாம் கேட்க வேண்டியது உண்டு. மதிப்பீட்டில் கூரை என்று எழுதும்போது இரண்டு அடித் தாழ்வாரத்தையும் பீலியையும் சேர்த்து எழுதுங்கள். அதற்காக விறாந்தையின் நீளத்தில் ஒரு முழம் குறைந்தாலும் பரவாயில்லை. திறப்பு விழாவில் கல்வெட்டுப் பதிக்கும் செலவில் ஒரு பக்கப் பீலியாவது போடலாம் என்று எமக்குத் தோன்றுவதுண்டு. அது எமது குறும்பு.

கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு எமது யோசனை மிகச் சிறியது. சங்கத்துக்கென்று ஒரு நீண்ட ஏணி, ஒரு கட்டுக் கயிறு, ஓட்டின்மேல் கிடத்தக் கூடிய இரண்டு பலகை. ஓட்டிலோ சீற்றிலோ நேரே மிதிக்காமல் பலகையில் பாரத்தைப் பகிர வேண்டும். ஒருவர் ஏறினால் இன்னொருவர் கீழே பிடிக்க வேண்டும். மழை ஈரம் காயாத கூரையிலும் பாசி பிடித்த ஓட்டிலும் எவரும் ஏறக் கூடாது. ஆவணி, புரட்டாதியில் நாலைந்து ஞாயிறுகளின் பின்னேரங்களை ஒதுக்கி, தனித்த தாய்மார், முதியோர், அங்கவீனர் வீடுகளிலிருந்து தொடங்கலாம். வீட்டுக்காரர் தேத்தண்ணீர் கொடுத்தால் போதும்.

எங்கள் சங்கத்து ஏணி தலைவர் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் தொங்குகிறது. எடுப்பவர் கொப்பியில் பெயர் எழுதிவிட்டு எடுக்க வேண்டும், பொழுதுபடமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும். தேங்காய் பறிக்க எடுத்துப்போய் ஒரு படியை முறித்தவர் யாரென்று கொப்பியில் இருக்கிறது. படியை அவரே மாற்றிக் கொடுத்தார். இவ்வருடம் எந்த வீட்டிலிருந்து தொடங்குவது என்பதை ஆவணிக் கூட்டத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். ஐப்பசியில் கூடினால் நனைந்துகொண்டுதான் பேச வேண்டிவரும். எமது சனசமூக நிலையத்துக் கூரையையும் இன்னும் யாரும் பார்க்கவில்லை.