முதியோர் இல்லம்: கருணை மட்டும் போதாது

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு வேனுக்குள்ளிருந்து மூதாட்டி ஒருவரின் அலறல் கேட்டது. பொதுமக்கள் வண்டியை மறித்துத் திறந்து பார்த்தபோது, காய்கறி மூட்டைகளோடும் ஒரு சடலத்தோடும் அவர் ஏற்றப்பட்டிருந்தார். பாலேஸ்வரத்தில் இயங்கிய கருணை இல்லம் ஒன்றின் வண்டி அது. இறந்தவர்களின் உடல்கள் அந்த இல்லத்தில் கான்கிரீட் அடுக்குகளில் வைக்கப்பட்டு வந்தது அதன் பிறகுதான் பெரும் சர்ச்சையானது. அங்கிருந்த நூற்றுக்கணக்கானோர் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் செய்தியில் அடிபட்டது. இல்லத்தில் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. அவரைத் தேடிப் போன இடத்தில், உரிய பதிவு இல்லாமல் நடந்துவந்த ஆசிரமத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். வழக்கு சிபிசிஐடி வசம் போனது.

ஒரு மூதாட்டியின் குரலும், அக்கறையுள்ள ஒருவர் தொடுத்த வழக்கும்தான் இந்த இரண்டு இடங்களின் கதவையும் திறந்தன. ஆய்வுக்குப் போன அரசு அதிகாரி திறந்தது ஒன்றுகூட இல்லை. முதியோர் இல்லங்களுக்கென்று தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்ற வேண்டும், ஒவ்வோர் இல்லத்தின் ஆய்வறிக்கையையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது அதனால்தான்.

தமிழ்நாடு வேகமாக மூப்படைந்து வருகிறது. 2021-இல் மாநில மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 13.6 சதவீதம் என்றும், 2031-இல் அது 18 சதவீதத்தைத் தாண்டும் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு கூறுகிறது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். பலருக்குப் பிள்ளைகளே இல்லை. முதியோர் இல்லம் கூடாது என்று பேசிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. இனி நாம் பேச வேண்டியது, அந்த இல்லம் பாதுகாப்பானதா என்பதைப் பற்றித்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், மாவட்டந்தோறும் 150 ஆதரவற்ற முதியோருக்கான இல்லத்தை அரசு அமைக்கலாம் என்கிறது. தனியார் இல்லங்களைப் பதிவு செய்வதையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. நிலைக்குழுவும் அதை ஆராய்ந்தது. ஆனால் நிறைவேறாமலே 17-ஆவது மக்களவையோடு அது காலாவதியானது. தமிழ்நாட்டிலோ, மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்களை ஒழுங்குபடுத்த 2014-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மாணவி தங்கும் விடுதிக்கு ஒரு சட்டம் இருக்கும்போது, எழுந்து நடக்க முடியாத பாட்டி தங்கும் இல்லத்துக்கு விதிகளும் அரசாணைகளும் போதும் என்பது எந்த வகையில் நியாயம்?

முதியோர் இல்லத்தில் உயிருக்கு வரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை கொடூரமானவர்களால் வருவதில்லை. ஈரமான கழிப்பறைத் தரை, கைப்பிடி இல்லாத சுவர், இருட்டான நடைபாதை, மாறிப்போன மாத்திரை, உள்ளே பூட்டிய கிரில் கதவு ஆகியவற்றால் வருகின்றன. தூக்க மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிட்டவர் நடுராத்திரியில் சிறுநீர் கழிக்க எழுந்தால், தலைசுற்றி விழ வாய்ப்பு அதிகம். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் பலர் மறுபடியும் பழையபடி நடப்பதில்லை. ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் முதியவர்களே அதிகம்.

படுத்த படுக்கையாக 10 பேர் இருக்கும் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். படுக்கைப் புண் வராமலிருக்க அவர்களைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஈரத் துணியை மாற்றி, துடைத்து, புரட்ட ஆளுக்கு 10 நிமிடம் என்றால், ஒரு சுற்றுக்கு 100 நிமிடம். இரவுப் பணியில் ஒரே ஓர் ஆயா இருந்தால், இரண்டு மணி நேரத்தில் அவருக்கு மிஞ்சுவது 20 நிமிடம். அதற்குள் மறதி நோய் உள்ளவர் வாசலைத் தாண்டிப் போனால் யார் பார்ப்பது? இன்னொருவருக்கு மூச்சுத் திணறினால் யார் ஓடுவது? ஆகவே, இரவுப் பணிக்கு எத்தனை பேர் என்பதைச் சட்டம் எண்ணிக்கையாகவே சொல்ல வேண்டும். ‘போதிய பணியாளர்’ என்ற பொத்தாம் பொதுவான சொல் யாரையும் காப்பாற்றாது.

களைத்துப் போன பணியாளர் கை ஓங்குவதும் நடக்கிறது. பராமரிப்பு இல்லங்களின் பணியாளர்களில் மூவரில் இருவர், முந்தைய ஓராண்டில் முதியோரிடம் ஏதோ ஒரு விதத்தில் தவறாக நடந்துகொண்டதாகத் தாங்களே ஒப்புக்கொண்டதைப் பல நாட்டு ஆய்வுகளின் அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் சுட்டிக்காட்டுகிறது. குறைந்த சம்பளத்தில், பயிற்சியும் மாற்று ஆளும் இல்லாமல் வேலை வாங்கினால், ‘விழுந்துவிடுவார்’ என்று கட்டிலோடு கட்டிப்போடும் வழக்கம் தானாக நுழையும். கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி நமக்குக் காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கிருந்த மனநலக் காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் மடிந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதை அறவே தடை செய்கிறது. மறதி நோயுள்ள முதியோரைக் கட்டிலோடு கட்டிப்போடுவதற்கும் அப்படியொரு தெளிவான தடை வேண்டும்.

வசதியானவர்களின் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. 2023 புத்தாண்டு நாளின் விடியலில் தில்லி கிரேட்டர் கைலாஷ் பகுதியில் உள்ள பராமரிப்பு இல்லத்தில் தீப்பிடித்து இரண்டு மூதாட்டிகள் இறந்தனர். தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதியோர் இல்லங்களை மருத்துவமனைகள் அடங்கிய ‘நிறுவனக் கட்டடம்’ என்ற பிரிவில்தான் வைக்கிறது. தாமாக வெளியேற முடியாதவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதே காரணம். வாடகைக்குப் பிடித்த மாடி வீட்டில், குறுகிய படிக்கட்டின் மேலே, படுக்கையில் கிடப்பவர்களை வைத்திருக்கும் இல்லங்கள் இந்த விதியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் கடுமையானால் சிறிய தொண்டு இல்லங்கள் மூடப்படும், ஆதரவற்றவர்கள் தெருவுக்கு வருவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. பலர் சொந்தச் சொத்தை விற்று இல்லம் நடத்துகிறார்கள். ஆனால் கைப்பிடிக் கம்பி, சறுக்காத தரை, இரவு விளக்கு, புகை எச்சரிப்பான், மாத்திரைப் பதிவேடு போன்றவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. இவற்றை உடனடிக் கட்டாயமாக்கி, கட்டட மாற்றங்களுக்குக் கால அவகாசமும் நிதியுதவியும் தரலாம். மத்திய அரசின் அடல் வயோ அப்யுதய் யோஜனா திட்டத்திலேயே முதியோர் இல்லங்களுக்கு மானியம் உண்டு. தவிர்க்க முடியாமல் ஓர் இல்லத்தை மூட நேர்ந்தால், அங்குள்ளவர்களை எங்கே, எப்படி மாற்றுவது என்ற திட்டத்தை வகுத்த பிறகே சீல் வைக்க வேண்டும்.

நம் கோரிக்கைகள் இவை. உரிமம் இல்லாமல் எந்த இல்லமும் இயங்கக் கூடாது. சமூக நலம், சுகாதாரம், தீயணைப்பு ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்து, இரவிலும் முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்ய வேண்டும். மரணம், எலும்பு முறிவு, காணாமல் போதல் ஆகிய ஒவ்வொன்றையும் 24 மணி நேரத்துக்குள் மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிப்பது கட்டாயமாக வேண்டும். ஆய்வறிக்கை இல்லத்தின் வாசலிலும் இணையத்திலும் இடம்பெற வேண்டும். இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணையம் ஒவ்வோர் இல்லத்தையும் நான்கு தரங்களில் மதிப்பிட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடுகிறது. அதை இங்கே செய்ய முடியாததற்கு எந்தக் காரணமும் இல்லை.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிறந்தநாளுக்கும் திதிக்கும் முதியோர் இல்லத்தில் சாப்பாடு போடுகிறோம். அடுத்த முறை போகும்போது உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், கழிப்பறையைப் பாருங்கள், இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெற்றோரை இல்லத்தில் சேர்த்திருப்பவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். தவறு கண்டால் முதியோர் உதவி எண் 14567-க்குத் தெரிவியுங்கள். சட்டப்பேரவையின் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதற்கான மசோதாவை அரசு கொண்டுவர வேண்டும். இன்னொரு பாலேஸ்வரம் நடந்த பிறகு இயற்றும் சட்டம், இறந்தவர்களுக்கு எந்த வகையிலும் உதவாது.