கொச்சை என்பது யாருடைய தமிழ்?

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. 1967-ல் தொடங்கப்பட்ட உயிரியல் பூங்காவையும் அருவியையும் பார்க்க அங்கே கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். மேலே மலையூர்களில் வாழும் மனிதர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டுத் திரும்பியவர் எத்தனை பேர்? கேட்டவர்களும் ‘கொச்சைத் தமிழ்’ என்ற ஒற்றைச் சொல்லில் கதையை முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லோடுதான் எங்கள் வழக்கு.

முதலில் பெயர்க் குழப்பம் தீரட்டும். இம்மக்கள் மலையாளிகள் எனப்படுகிறார்கள். மலையில் வாழ்பவர் என்பதே பொருள், கேரளத்தவர் என்பதல்ல. முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறினர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளிலும் அது பதிவாகியுள்ளது. தமிழ்நாட்டின் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்கே. 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேல்.

அதே கணக்கெடுப்பில் நீலகிரித் தோடர்கள் சுமார் 2,000 பேர். அவர்கள் மொழிக்கு எமனோ இலக்கணம் எழுதினார். 1984-ல் நூலாக வந்தது. கோத்தர் வாய்மொழிக் கதைகளையும் அவரே 1940-களில் அச்சேற்றினார். மகிழ்ச்சியே. ஆனால் இதில் ஒரு விந்தையைக் காண்கிறோம். தனிமொழி என்றால் ஆய்வு. ‘தமிழ்தானே’ என்றால் அலட்சியம். தமிழ் பேசுவதே இம்மக்கள் செய்த குற்றமா?

வட்டார வழக்குக்கு அகராதி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கரிசலுக்குக் கி.ராஜநாராயணனும் கொங்குக்குப் பெருமாள்முருகனும் சொல்லகராதி தந்தபோது நாமெல்லாம் கொண்டாடவில்லையா? கொல்லிமலை மக்களைக் கு.சின்னப்ப பாரதி ‘சங்கம்’ நாவலில் எழுதினார். எனினும் கரிசலுக்கும் கொங்குக்கும் கிடைத்த மதிப்போடு மலைத்தமிழ் நம் வாசிப்பறைக்குள் இன்னும் நுழையவில்லை.

இழப்பு என்னவென்று ஒரு தானியத்தைக்கொண்டு காட்டுவோம். நமக்குச் சாமை ஒன்றுதான். கொல்லிமலையில் வாழும் இதே மலையாளிகளிடம் கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திரிகுலாச்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று தனித்தனிப் பெயர்கள் வழங்குவதை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பதிவுசெய்துள்ளனர். எந்த விதை எந்த மண்ணுக்கு, எத்தனை நாளில் அறுவடை என்ற அறிவு அப்பெயர்களோடு பிணைந்து வருகிறது. 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. தானியத்தைப் பொட்டலம் கட்டி விற்கிறோம். பெயரைக் கொச்சை என்று வீசிவிடுகிறோம்.

சவ்வாது மலைக்குத் தெற்கே, செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடி. மலைவாழ் குடிகள் கூத்தருக்கு அளித்த விருந்தை அதில் படித்து நெகிழ்கிறோம். 2004-ல் தமிழ் செம்மொழியானது. 2010-ல் கோவையில் மாநாடும் நடந்தது. குறிஞ்சித் திணைக்கு மேடை உண்டு. குறிஞ்சி நிலத்து மனிதரோ 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றபோதுதான் நாளேடுகளின் முதற்பக்கத்துக்கு வந்தார்கள். இறந்தோருள் சவ்வாது மலைக்காரர்களும் இருந்தனர். செம்மரம் வெட்டிகள் என்ற அடையாளம் அவர்களுக்குப் போதுமென்று முடிவுசெய்தது யார்?

எங்கள் கோரிக்கை பெரிதன்று. மலைப்பள்ளிகளில் பிள்ளையின் வீட்டுச்சொல்லைப் பிழையென்று அடிக்காதீர்கள். அருகே பாடச்சொல்லையும் எழுதிக்கொடுங்கள், இரண்டும் இருக்கட்டும். தமிழ்த் துறைகள் ஆய்வு மாணவர்களை மலைக்கு அனுப்பட்டும். சொல் தரும் முதியவரின் பெயர் நூலின் முகப்பில் இடம்பெறட்டும். ஊதியமும் அவரைச் சேரட்டும்.

அமிர்தி வரை போகிறவர்களே, இன்னும் கொஞ்சம் மேலே ஏறுங்கள். கேளுங்கள். திருத்தாதீர்கள்.