வன்னியில் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

ஜேர்மன் கூட்டாட்சிச் சுகாதார அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் நீனா வார்க்கன் அவர்களுக்கு,



இலங்கைப் போருக்குத் தப்பி இந்த நாட்டில் தஞ்சம் புகுந்த ஈழத்தமிழர்களில் ஒருவராக இந்த மடலை எழுதுகிறேன். 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்களில் பலர் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் வந்து அகதி அந்தஸ்துக் கேட்டோம். உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் துப்புரவு வேலைகளிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தோம். ஹாம் நகரில் 2002இல் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரம் எழுப்பினோம். இந்த நாடு எங்களுக்கு உயிர்ப்பிச்சை தந்தது. அந்த நன்றியோடுதான் இதையும் எழுதுகிறேன்.

அந்த முதல் தலைமுறை இப்போது ஓய்வூதிய வயதுக்கு வந்துவிட்டது. இரண்டு வேலை பார்த்த காலத்தில் கிட்ட வராத நினைவுகள் இப்போது இரவில் வருகின்றன. நித்திரை இல்லை, நெஞ்சு அடைக்கிறது, தலையிடி மாறவில்லை என்று குடும்ப வைத்தியரிடம் போகிறார்கள். இரத்தம் சோதிக்கிறார்கள், இதயத்துடிப்பைப் பதிவு செய்கிறார்கள், மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். ஷெல் விழுந்த நாளைப் பற்றியோ, 2009இல் போரின் கடைசிக் களமான முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த கடைசித் தொலைபேசி அழைப்பைப் பற்றியோ, இன்றுவரை தகவல் இல்லாத தம்பியைப் பற்றியோ பேச்சு எழுவதில்லை. எழுந்தாலும் அதைச் சொல்லும் அளவுக்கு அவர்களிடம் ஜேர்மன் மொழி இல்லை. மொழிபெயர்க்கப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் மகள் அல்லது பேரப்பிள்ளை. சோதனைச் சாவடியில் தனக்கு நடந்ததை எந்தத் தாய் தன் மகளின் வாயால் சொல்ல வைப்பாள்?

அமைச்சர் அவர்களே, போரால் வந்த இந்த மனவடு நோய்க்கு மருந்து இருக்கிறது. அதை உருவாக்கியதில் ஜேர்மன் ஆய்வாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. அது எங்கள் மண்ணில், எங்கள் மொழியில், எங்கள் ஆசிரியர்களின் கையால் சோதித்துப் பார்க்கப்பட்டது என்பதை இங்கே பலர் அறிய மாட்டார்கள்.

கொன்ஸ்தான்ஸ் பல்கலைக்கழகத்தில் மாகி ஷவர், ப்ராங்க் நொய்னர், தோமஸ் எல்பேர்ட் ஆகிய உளவியலாளர்கள் கதைசொல்லும் சிகிச்சை முறை ஒன்றை வகுத்தார்கள். பாதிக்கப்பட்டவர் தன் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து இன்றுவரை வரிசையாகச் சொல்ல வேண்டும். முதலில் தரையில் ஒரு கயிறு விரிக்கப்படும். அதுதான் அவருடைய ஆயுள். நல்ல நாட்களுக்கு அதன் மேல் பூ வைப்பார், கொடிய நாட்களுக்குக் கல் வைப்பார். பிறகு அமர்வுக்கு அமர்வு அவர் சொல்வதை ஆலோசகர் எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டுவார். அச்சத்தின் நினைவு எப்போது, எங்கே என்ற அடையாளம் இல்லாமல் மூளையில் கிடப்பதால்தான் பட்டாசு வெடித்தால் உடல் இன்றும் பதுங்கு குழியைத் தேடுகிறது. அந்த நினைவுக்கு அதற்குரிய நாளும் இடமும் கிடைக்கும்போது அது கடந்த காலத்துக்குப் போகிறது. கடைசியில் முழுக் கதையும் எழுத்தில் அவர் கைக்கே கொடுக்கப்படும்.

2002 போர்நிறுத்தத்தை அடுத்த ஆண்டுகளில் இந்தக் குழுவினர் இலங்கையின் வடக்கில் உள்ள வன்னிக்கு வந்தார்கள். அங்கே உளமருத்துவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. ஆகவே பாடசாலை ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஆசிரியர்களே 420 மாணவர்களை நேரில் கண்டு கேட்டு ஆராய்ந்தார்கள். 92 வீதமான பிள்ளைகள் குண்டுவீச்சு, ஷெல்லடி, உறவினரின் சாவு போன்ற கொடிய நிகழ்வுகளை அனுபவித்திருந்தார்கள். நான்கில் ஒரு பிள்ளைக்கு மனவடு நோய் இருந்தது. 2004 டிசம்பரில் சுனாமி வந்து அடித்த பின், முகாமில் இருந்த 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கதைசொல்லும் சிகிச்சையும் மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகளில் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 81 வீதமானோரும், இரண்டாவதில் 71 வீதமானோரும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். கிளவுடியா கட்டானியும் அவருடைய சகாக்களும் 2009இல் இதை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் இரண்டு முறைகளும் பலன் தந்தன. இரண்டையும் செய்தவர்கள் பிள்ளைகளின் மொழி பேசியவர்கள்.

இதே குழு உகண்டாவின் நக்கிவாலே அகதி முகாமில் 277 பேரைக் கொண்டு பெரிய அளவில் இதைச் சோதித்தது. ருவாண்டா, சோமாலியா நாட்டு அகதிகளுக்கு ஆலோசகர்களாக இருந்தவர்களும் அகதிகளே. அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி ஆறு வாரம். ஒன்பது மாதத்தின் பின் கதைசொல்லும் சிகிச்சை பெற்றவர்களில் 70 வீதமானோருக்கும், ஆலோசனை பெற்றவர்களில் 65 வீதமானோருக்கும் நோய் இருக்கவில்லை. சிகிச்சை இல்லாமல் கவனிக்கப்பட்டவர்களில் அது 37 வீதம் மட்டுமே.

இந்த ஆய்வுகளை ஜேர்மன் மக்களின் வரிப்பணமும் ஜேர்மன் பல்கலைக்கழகங்களும் தாங்கின. பிறகு ஏன் டோர்ட்முண்டிலோ ஸ்ருட்கார்ட்டிலோ வாழும் ஒரு தமிழ்த் தாய்க்கு அது எட்டவில்லை? தடைகள் சட்டத்திலும் நடைமுறையிலும் இருக்கின்றன.

முதல் தடை மொழி. சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதி உளச்சிகிச்சைக்குப் பணம் தரும், மொழிபெயர்ப்பாளருக்குத் தராது. பேசுவதே மருந்தாக இருக்கும் சிகிச்சையில் மொழி இல்லையென்றால் அந்தக் காப்புறுதி அட்டையால் என்ன பயன்? 2021இல் ஆட்சிக்கு வந்த கூட்டணி, மருத்துவ மொழிபெயர்ப்பைச் சமூகச் சட்டக்கோவையின் ஐந்தாம் நூலில் சேர்ப்பதாகத் தன் ஒப்பந்தத்தில் எழுதியது. 2024 நவம்பரில் அந்தக் கூட்டணி உடைந்தது. வாக்குறுதி சட்டமாகவில்லை.

இரண்டாவது தடை காத்திருப்பு. இன்று புதிதாகத் தஞ்சம் கோருவோருக்கு ஆரம்பக் காலத்தில் பெரும்பாலும் நோவுக்கும் உடனடி நோய்க்கும் மட்டுமே சிகிச்சைக்கு உரிமை உண்டு. உளச்சிகிச்சை அதிகாரியின் முடிவைப் பொறுத்தது. 18 மாதமாக இருந்த இந்தக் காலத்தை 2024 பெப்ரவரியில் 36 மாதமாக நீட்டினார்கள். இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் காலத்தில் விண்ணப்பித்தால் மொழிபெயர்ப்புச் செலவு கிடைக்கவாவது வழியுண்டு. காலம் முடிந்து முழுக் காப்புறுதிக்குள் வந்ததும் அந்த வழி அடைபடுகிறது. உரிமை கூடும்போது உதவி குறைகிறது.

காத்திருப்பு நடுநிலையானது என்று யாரும் எண்ண வேண்டாம். அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த 196 தமிழர்களை ஆராய்ந்து சாகரி ஸ்டீல், டெரிக் சிலோவ் குழுவினர் 1999இல் வெளியிட்ட கட்டுரை, ஊரில் பட்ட கொடுமையைப் போலவே புகுந்த நாட்டில் படும் நிச்சயமின்மையும் நோயைக் கூட்டுகிறது என்று காட்டியது. வேலையின்மை, குடும்பத்தைப் பிரிந்திருத்தல், திருப்பி அனுப்பப்படுவோமோ என்ற பயம் ஆகிய எல்லாம் காயத்தின் மேல் காயமாகின்றன.

மூன்றாவது தடை, எங்களை எண்ணாதது. றொபேர்ட் கொக் நிறுவனம் 2021, 2022ஆம் ஆண்டுகளில் குரோவேசியா, இத்தாலி, போலந்து, சிரியா, துருக்கி ஆகிய ஐந்து நாட்டுக் குடியுரிமை கொண்டோரிடம் பல மொழிகளில் உடல்நல ஆய்வு நடத்தியது. அது வரவேற்க வேண்டிய முயற்சி. சிறிய சமூகங்கள் அதற்குள் வரவில்லை. ஜேர்மன் கடவுச்சீட்டு எடுத்துவிட்ட தமிழர் எந்தக் கணக்கிலும் தமிழராக வருவதில்லை. கணக்கில் இல்லாத நோய்க்குத் திட்டமும் வராது.

ஒரு சமூகம் முழுவதையும் சேர்த்து மனநோயை எதிர்கொள்ள முடியும் என்பதை உலகுக்குக் காட்டியதும் இந்த நாடுதான். நூரென்பேர்க்கில் உல்ரிக் ஹேகேர்ல் தலைமையில் 2001, 2002ஆம் ஆண்டுகளில் மனச்சோர்வுக்கு எதிரான கூட்டணி நடந்தது. குடும்ப வைத்தியர்களுக்குப் பயிற்சி, பொதுமக்களிடம் பிரசாரம், பாதிரியார், ஆசிரியர், பொலிஸ், முதியோர் பராமரிப்பாளர் போன்றவர்களுக்குப் பயிற்சி, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நேரடி உதவி என்று நான்கு நிலைகளில் வேலை செய்தார்கள். தற்கொலைகளும் முயற்சிகளும் சேர்த்து 2000ஆம் ஆண்டில் 620 ஆக இருந்தது, 2002இல் 471 ஆகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த வூர்ஸ்பேர்க்கில் அப்படியான வீழ்ச்சி இல்லை.

தமிழ்நாட்டில் ஈழ அகதிகள் வாழும் முகாம்களிலும் இதையொத்த முயற்சி நடந்தது. சென்னை சினேகா அமைப்பை 1986இல் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு, முகாமில் இருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்றுவித்தது. ஆபத்தில் இருப்பவர்களைத் தவறாமல் சந்திப்பதும், நெருக்கடி வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதி வைத்திருப்பதும்தான் முறை. ஒப்பீட்டுக்கு எடுத்த முகாமை விட அங்கே தற்கொலை முயற்சிகள் குறைந்தன. அகதிகளையே ஆலோசகர்களாக்கும் வழிக்கு ஜேர்மனியிலும் சான்று உண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2017இல் ஷ்வைன்பூர்ட்டில் ஒரு மருத்துவமனையோடு சேர்ந்து, அகதிகளையே ஆலோசகர்களாகப் பயிற்றுவித்து, உளவியலாளர்களின் மேற்பார்வையில் வேலை செய்ய வைத்தது.

ஆகவே நான்கு வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

மருத்துவ மொழிபெயர்ப்பைக் காப்புறுதியின் கடமையாக்குங்கள். பிள்ளைகளைப் பெற்றோருக்கு மொழிபெயர்க்க வைக்கும் வழக்கம் அதோடு நிற்கட்டும்.

உளச்சிகிச்சையாளரின் மேற்பார்வையில் வேலை செய்யும் பயிற்சி பெற்ற சமூக ஆலோசகர்களைச் சட்டம் அங்கீகரிக்கட்டும், அவர்களுக்குச் சம்பளம் கிடைக்கட்டும். அவர்கள் சிகிச்சையாளருக்கு மாற்றாக மாட்டார்கள். இலேசான துன்பத்தை அங்கேயே ஆற்றுவார்கள், கடும் நோயை உரிய இடத்துக்கு அனுப்புவார்கள்.

அகதிகளுக்கும் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்குமான உளசமூக நிலையங்கள் ஆண்டுக்கு ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைப் பார்த்துக் கலங்காமல் இருக்க நிரந்தர நிதி வேண்டும். அந்த நிதியில் ஒரு பகுதி வேறு அமைச்சுகளின் கையில் இருப்பது எனக்குத் தெரியும். அமைச்சரவையில் அதற்காகப் பேச வேண்டியவர் சுகாதார அமைச்சரே.

அடுத்த தேசிய உளநல ஆய்வில் சிறிய மொழிச் சமூகங்களையும் அவரவர் மொழியிலேயே கேளுங்கள். கேள்வித்தாள் தயாரிப்பதிலும் அந்தச் சமூகத்தாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதும் நிறைய உண்டு. மனநோய் என்றதும் விசர் என்று ஒதுக்கும் பழக்கம், பெண்பிள்ளையின் கலியாணம் கெட்டுவிடும் என்று மூடி மறைக்கும் பழக்கம் எங்களிடம் இன்னும் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் தயா சோமசுந்தரமும் சாந்திகம் உளநல நிலையமும் போர்க்காலத்திலேயே இந்த மௌனத்தை உடைக்கப் பாடுபட்டார்கள். அந்த வேலையை இங்கே தொடர எங்களிடம் தமிழ்ப் பாடசாலைகளான தமிழாலயங்களின் ஆசிரியர்களும் கோயில்களும் தேவாலயங்களும் முதியோர் சங்கங்களும் உண்டு. இரண்டு மொழியும் அறிந்த இளம் மருத்துவர்களும் உளவியலாளர்களும் எங்கள் பிள்ளைகளிலேயே வந்துவிட்டார்கள்.

வன்னியின் ஓலைக் கொட்டிலில், மின்சாரம் இல்லாத ஊரில், ஒரு பாடசாலை ஆசிரியரால் செய்ய முடிந்ததை, உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றான ஜேர்மனியால் செய்ய முடியாது என்று நான் நம்பவில்லை. அறிவு உங்கள் நாட்டினுடையது, சான்று எங்கள் பிள்ளைகளுடையது, சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. முதல் தலைமுறை எங்களோடு இருக்கும் காலத்திலேயே அதை மாற்றுங்கள்.

மிக்க மரியாதையுடன்,
ஜேர்மனியில் வாழும் ஈழத்தமிழர் ஒருவர்